72 சதவீதமும் 75 சதவீதமும்: ஐ.என்.எஸ். கோதாவரி சொல்லும் கணக்கு

புதுதில்லி: விசாகப்பட்டினத்தில் 2025 ஆகஸ்ட் 26-ம் தேதி உதயகிரி, ஹிம்கிரி ஆகிய இரு ஏவுகணைப் போர்க்கப்பல்கள் ஒரே நாளில் கடற்படையில் சேர்க்கப்பட்டன. பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் பங்கேற்ற அந்த விழாவில் மீண்டும் மீண்டும் கூறப்பட்ட எண் 75. அதாவது, இக் கப்பல்களில் 75 சதவீதம் உள்நாட்டுத் தயாரிப்பு என்பது அரசின் கணக்கு. உதயகிரி, கடற்படையின் சொந்த வடிவமைப்புப் பிரிவு உருவாக்கிய 100-வது கப்பல் என்ற பெருமையும் அன்று சேர்த்துச் சொல்லப்பட்டது.

இந்த எண்ணைக் கேட்டபோது கடற்படை வரலாறு அறிந்தவர்களுக்கு வேறொரு எண் நினைவுக்கு வந்திருக்கும். 1983-ல் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். கோதாவரி, இந்தியாவில் வடிவமைக்கப்பட்டு இந்தியாவில் கட்டப்பட்ட முதல் ஏவுகணைப் போர்க்கப்பல். அந்த வகைக் கப்பல்களின் உள்நாட்டுப் பங்கு 72 சதவீதம் என்று அப்போது கணக்கிடப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் உயர்ந்தது மூன்றே சதவீதம்தானா?

இரு எண்களையும் அப்படியே ஒப்பிடுவது நியாயமாகாது. இன்றைய கப்பல் கோதாவரியைவிட ஏறத்தாழ முக்கால் பங்கு பெரியது. அதிலுள்ள மின்னணுச் சாதனங்களும் பன்மடங்கு சிக்கலானவை. ஆயினும், ஒற்றைச் சதவீதத்தால் ஒரு போர்க்கப்பலின் சுயசார்பை அளந்துவிட முடியாது என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது. எஞ்சியிருக்கும் நான்கில் ஒரு பங்கு எது, அதை யார் கையிலிருந்து பெறுகிறோம், அவர் கதவடைத்தால் கப்பலின் கதி என்ன என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். கோதாவரியின் 32 ஆண்டு காலப் பணி வரலாற்றில் இவற்றுக்கு விடை இருக்கிறது.

தில்லியில் வரைந்த கப்பல்

பிரிட்டனின் லியாண்டர் வகைப் போர்க்கப்பல்களை உரிமம் பெற்றுக் கட்டும் பணி 1960-களில் மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில் தொடங்கியது. அந்த வரிசையில் முதல் கப்பலான நீலகிரி 1972 ஜூனில் பணியில் சேர்ந்தது. ஆறாவதும் கடைசியுமான விந்தியகிரி 1981-ல் சேர்ந்தது. இந்த ஆறு கப்பல்களைக் கட்டிய அனுபவத்தில்தான் சொந்தமாக ஒரு கப்பலை வடிவமைக்கும் துணிவு கடற்படைக்கு வந்தது.

தில்லியிலிருந்த கடற்படை வடிவமைப்பு இயக்ககம் அப் பணியை மேற்கொண்டது. அதில் முக்கியப் பங்காற்றியவர்களில் ஒருவர் கேப்டன் என்.எஸ். மோகன்ராம். லியாண்டர் வகைக் கப்பலின் நீளம் சுமார் 113 மீட்டர். கோதாவரிக்கு 126 மீட்டர் நீளம் கொடுக்கப்பட்டது. எடை சுமார் 3,800 டன்னாக உயர்ந்தது. ஆனால் இயந்திரம் பழையதுதான். அதே 30,000 குதிரைத் திறன் கொண்ட நீராவி டர்பைன்கள். எடை கூடியும் வேகம் பெரிதாகக் குறையவில்லை. கப்பல் 27 நாட், அதாவது மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகம் எட்டியது. நீட்டி அமைக்கப்பட்ட உடலின் வடிவமே இதற்குக் காரணம். இரண்டு சீ கிங் ஹெலிகாப்டர்களை ஏற்றிச் செல்ல இடமும் கிடைத்தது. அந்த அளவுள்ள கப்பலில் இரு கனரக ஹெலிகாப்டர்கள் என்பது அந் நாளில் உலகக் கடற்படைகளிலேயே அரிதானதாகும்.

1978 ஜூனில் அடித்தளமிடப்பட்டு, 1980 மே மாதம் நீரில் இறக்கப்பட்ட இக் கப்பல், 1983 டிசம்பர் 10-ம் தேதி கடற்படையில் சேர்க்கப்பட்டது. அதே வகையில் கங்கா 1985 டிசம்பரிலும், கோமதி 1988 ஏப்ரலிலும் சேர்ந்தன. 1986 ஜூலையில் நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையின் நூற்றாண்டு விழாவையொட்டி நடந்த பன்னாட்டுக் கடற்படை அணிவகுப்பில் இந்தியாவின் சார்பில் கோதாவரி பங்கேற்றது. அதைப் பார்வையிட்ட அயல்நாட்டுக் கடற்படையினரை வியக்க வைத்தது ஆயுதங்களின் கலவைதான். எதிரிக் கப்பலைத் தாக்கும் ஏவுகணையும், விமானத்தை வீழ்த்தும் ஏவுகணையும், முன்பக்கப் பீரங்கியும் சோவியத் நாட்டவை. ஹெலிகாப்டர் பிரிட்டனுடையது. போர்த் தகவல்களை ஒருங்கிணைக்கும் கணினி அமைப்பு இத்தாலியில் பிறந்தது. பனிப்போரின் இரு முகாம்களும் ஒரே கப்பலில் இடம்பெற்றிருந்தன.

இவற்றை ஒன்றோடொன்று பேச வைத்தது இந்தியப் பொறியாளர்களின் சாதனை. அதே கலவைதான் பிற்காலத்தில் சிக்கலாகவும் ஆனது.

மாலத்தீவில் கிடைத்த சோதனை

1988 நவம்பர் 3-ம் தேதி மாலத்தீவின் தலைநகர் மாலேயில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தது. அதை ஏற்பாடு செய்தவர் மாலத்தீவைச் சேர்ந்த அப்துல்லா லுத்துபி. கூலிப்படையாக வந்தவர்கள் இலங்கைத் தமிழ் இயக்கமான புளொட் அமைப்பினர் சுமார் 80 பேர். 1980-களின் தொடக்கத்தில் தமிழகத்தில் பயிற்சி முகாம்கள் நடத்திய இயக்கம் அது. ஈழ விடுதலை என்று புறப்பட்ட ஓர் இயக்கம், இன்னொரு சிறு நாட்டின் ஆட்சியைக் கவிழ்க்கக் கூலிக்குப் போனது அவ் வரலாற்றின் கசப்பான பக்கங்களில் ஒன்று.

அதிபர் மௌமூன் அப்துல் கயூம் இந்தியா உள்பட பல நாடுகளிடம் உதவி கோரினார். பிரதமர் ராஜீவ் காந்தி உடனே முடிவெடுத்தார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து பாராசூட் படையினர் ஐ.எல்.-76 விமானங்களில் மாலத்தீவின் ஹுலுலே விமான தளத்தில் இறங்கினர். கிளர்ச்சியாளர்கள் மாலத்தீவு அமைச்சர் ஒருவர் உள்ளிட்ட பிணையாளிகளுடன் "புராகிரஸ் லைட்" என்ற வணிகக் கப்பலில் இலங்கையை நோக்கித் தப்பினர்.

ஆஸ்திரேலியப் பயணம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கோதாவரி, அந்தக் கப்பலை மறிக்கத் திருப்பிவிடப்பட்டது. கேப்டன் எஸ்.வி. கோபாலாச்சாரி அதன் தலைமை அதிகாரி. பேத்வா என்ற மற்றொரு போர்க்கப்பலும் உடன் சேர்ந்தது. பேச்சு நடத்தியும் பலனில்லை. கிளர்ச்சியாளர்களின் கப்பல் தன் கடல் எல்லைக்குள் வருவதை இலங்கை அரசு விரும்பவில்லை. எச்சரிக்கைகள் பயனளிக்காத நிலையில் இந்தியப் போர்க்கப்பல்கள் சுட்டன. நவம்பர் 6-ம் தேதி கிளர்ச்சியாளர்கள் சரணடைந்தனர். பிணையாளிகளில் சிலர் உயிரிழந்தனர், ஏனையோர் மீட்கப்பட்டனர்.

இந்த நடவடிக்கையில் கோதாவரி தன் ஏவுகணைகளில் ஒன்றைக்கூட ஏவவில்லை. பயன்பட்டவை ஹெலிகாப்டர், பீரங்கி, தகவல் தொடர்பு, எல்லாவற்றுக்கும் மேலாக நெடுந்தூரப் பயணத்திலிருந்து திரும்பும் வழியிலும் உடனடியாகப் பணிக்குத் தயாராக இருந்த கப்பலும் மாலுமிகளும். அமைதிக் காலத்தில் போர்க்கப்பலின் மதிப்பு இந்தத் தயார்நிலையில்தான் இருக்கிறது. 1994 டிசம்பரில் சோமாலியாவின் கிஸ்மாயுவிலிருந்து இந்திய அமைதிப்படை திரும்பியபோது துணை நின்ற கப்பல்களில் கோதாவரியும் கங்காவும் இருந்தன. 2011-ல் ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையருக்கு எதிரான காவல் பணியிலும் கோதாவரி ஈடுபட்டது.

கதவுகள் அடைபட்டபோது

கோதாவரி பணியில் சேர்ந்து எட்டாண்டுகள் முடிந்த நிலையில், 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அதுவரை ஒரே அரசிடமிருந்து வந்துகொண்டிருந்த உதிரி பாகங்களுக்கு, வெவ்வேறு நாடுகளாகிவிட்ட குடியரசுகளில் சிதறிக் கிடந்த ஆலைகளைத் தேடிச் செல்லும் நிலை ஏற்பட்டது. முப்படைகளும் அந்தப் பத்தாண்டில் இந்தத் தட்டுப்பாட்டை அனுபவித்தன.

அடுத்த அடி மேற்கிலிருந்து விழுந்தது. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்தப்பட்டதும் அமெரிக்கா தடைகளை விதித்தது. சீ கிங் ஹெலிகாப்டர் பிரிட்டனில் தயாரானது. என்றாலும் அதில் அமெரிக்கப் பாகங்கள் இருந்ததால் உதிரிகள் வருவது தடைபட்டது. பழுதுபார்ப்புக்கு அனுப்பப்பட்டவையும் சிக்கின. ஹெலிகாப்டர்கள் பறக்க முடியாமல் நின்றன. கோதாவரியின் தனிச் சிறப்பு என்று கொண்டாடப்பட்டது எதுவோ, அதையே வாஷிங்டனில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு முடக்கிவிட்டது. கப்பலின் உடல் முழுக்க நம்முடையது என்பது அப்போது உதவவில்லை.

கோதாவரியை அடுத்து வந்த பிரம்மபுத்திரா வகையின் கதை இன்னொரு பாடம். கொல்கத்தாவில் 1989-ல் அடித்தளமிடப்பட்ட பிரம்மபுத்திரா, பணியில் சேர்ந்தது 2000 ஏப்ரலில். பதினோரு ஆண்டுகள் கட்டியும், விமானங்களை வீழ்த்தும் ஏவுகணை இல்லாமலே அது கடலுக்குச் சென்றது. அதற்கெனத் திட்டமிடப்பட்டிருந்த உள்நாட்டு ஏவுகணையான திரிசூல் தயாராகவில்லை. கடைசியில் இஸ்ரேலின் பராக் ஏவுகணை வாங்கப்பட்டது. அந்தக் கொள்முதலில் முறைகேடு என்று 2006-ல் சிபிஐ வழக்குப் பதிவு செய்ததும், போதிய ஆதாரமில்லை என்று 2013-ல் அதை முடிக்க முன்வந்ததும் தில்லி அரசியலில் நன்கு அறியப்பட்ட செய்திகள். வழக்கின் பரபரப்பில் அடிப்படைக் கேள்வி மறைந்துபோனது. உள்நாட்டு ஏவுகணை ஏன் உரிய காலத்தில் தயாராகவில்லை என்பதற்கு நாடாளுமன்றத்தில் நடந்த விவாதத்தைவிட, தரகு பற்றிய விவாதமே அதிகம்.

கடலில்லா நகரின் பங்கு

அப்படியானால் சண்டையிடும் கருவிகளில் சுயசார்பு இயலாத காரியமா? இல்லை என்பதற்கு அதே காலத்தில் ஒரு சான்று உண்டு.

1971 டிசம்பர் 9-ம் தேதி ஐ.என்.எஸ். குக்ரி பாகிஸ்தான் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தனர். நீர்மூழ்கியை உரிய நேரத்தில் கண்டறியும் சோனார் கருவியில் நமக்கிருந்த குறையை அந்த இழப்பு வெளிப்படுத்தியது. பொள்ளாச்சியில் பிறந்த கடற்படை அதிகாரி ஆரோக்கியசாமி பால்ராஜ் தலைமையில் கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வுக்கூடம் "அப்சோ" என்ற சோனாரை உருவாக்கியது. பெங்களூரிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அதைத் தயாரித்தது. 1980-களின் தொடக்கத்தில் போர்க்கப்பலில் சோதிக்கப்பட்ட அந்தக் கருவி, பின்னர் வந்த கப்பல்களில் இடம்பெற்றது. அதன் வழித்தோன்றல்களான சோனார்களை இன்றும் அதே நிறுவனம் கடற்படைக்கு வழங்கி வருகிறது. பால்ராஜ் பின்னாளில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்று, கம்பியில்லாத் தகவல் தொடர்பில் செய்த ஆய்வுக்காக 2014-ல் மார்க்கோனி பரிசு பெற்றார்.

கடலே இல்லாத பெங்களூரு, போர்க்கப்பலின் கண்ணும் காதும் உருவாகும் இடமாக இப்படித்தான் ஆனது. வடக்கே ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். கிழக்கே எச்.ஏ.எல். இன்றைய நீலகிரி வகைக் கப்பல்களுக்கான அமெரிக்க எல்.எம்.-2500 எரிவாயு டர்பைன்கள் பெங்களூரில்தான் பொருத்தித் தரப்படுகின்றன. ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சோனார் நம் வடிவமைப்பு. டர்பைன் அப்படியல்ல, பாகங்களை வரவழைத்துப் பொருத்தும் வேலை. பெங்களூரிலேயே இயங்கும் எரிவாயு டர்பைன் ஆராய்ச்சி நிறுவனம், காவேரி விமான எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு கப்பலுக்கான டர்பைன் ஒன்றை உருவாக்கி விசாகப்பட்டினத்தில் சோதித்தது. அது கடற்படையின் முன்வரிசைப் போர்க்கப்பல் எதிலும் முதன்மை எஞ்சினாக இடம்பெறவில்லை. உள்நாட்டுப் பங்கைக் கூட்டும்போது இரு வகை வேலைகளும் ஒரே சதவீதத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

உடல், இயக்கம், ஆயுதம்

கடற்படையே இந்த வேறுபாட்டை உணர்ந்திருக்கிறது. 2015-ல் வெளியிடப்பட்ட உள்நாட்டுமயமாக்கல் திட்டத்தில் கப்பல் மூன்று பிரிவுகளாகப் பகுக்கப்பட்டது. மிதப்பதற்கான உடல் பகுதியில் சுமார் 90 சதவீதமும், நகர்வதற்கான இயந்திரப் பகுதியில் சுமார் 60 சதவீதமும், போரிடுவதற்கான ஆயுதப் பகுதியில் சுமார் 30 சதவீதமும் சுயசார்பு எட்டப்பட்டிருப்பதாக அதில் கூறப்பட்டது. கோதாவரி ஓய்வு பெற்றது அதே ஆண்டு டிசம்பர் 23-ம் தேதி.

அதன்பின் முன்னேற்றம் இல்லாமல் இல்லை. போர்க்கப்பலுக்கான தனி வகை எஃகு இன்று இந்திய உருக்காலைகளிலிருந்தே கிடைக்கிறது. 2022-ல் பணியில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் அந்த எஃகினால் ஆனது. நீலகிரி வகையிலுள்ள பிரம்மோஸ் ஏவுகணை ரஷியாவுடன் இணைந்தும், பராக்-8 ஏவுகணை இஸ்ரேலுடன் இணைந்தும் உருவாக்கப்பட்டவை. கடையில் வாங்கிய கோதாவரி காலத்து ஏவுகணையுடன் ஒப்பிட்டால் இது பெரிய வளர்ச்சியே. ஆனாலும் கூட்டாளி ஒருவரின் இசைவு இன்னும் தேவைப்படுகிறது.

இசைவு கிடைக்காவிட்டால் என்னவாகும் என்பதற்கு அண்மை உதாரணமும் இருக்கிறது. 2024 டிசம்பரில் சேர்ந்த துஷில், 2025 ஜூலையில் சேர்ந்த தமால் ஆகிய இரு கப்பல்களும் ரஷியாவில் கட்டப்பட்டவை. அவற்றின் எஞ்சின்கள் உக்ரைனில் செய்யப்பட்டவை. ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும் இரு நாடுகளின் தயாரிப்பை ஒரே கப்பலில் சேர்க்க, எஞ்சின்களை இந்தியா தனியே வாங்கி ரஷியாவுக்கு அனுப்ப நேர்ந்தது. இனி முப்பது ஆண்டுகளுக்கு அந்த எஞ்சின்களுக்கு உதிரி பாகம் தேவைப்படும். 1991-ல் கோதாவரிக்கு நேர்ந்தது வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. வெளிநாட்டில் கட்டி வாங்கப்படும் கடைசிப் போர்க்கப்பல் தமால்தான் என்று கடற்படை அறிவித்திருப்பது ஆறுதல்.

பராமரிப்பும் பாதுகாப்பில் அடக்கம்

கப்பலைக் கட்டுவதுடன் கணக்கு முடிவதில்லை. 2007-08 முதல் 2015-16 வரை கடற்படைக் கலங்களில் 38 விபத்துகள் நிகழ்ந்து 33 பேர் உயிரிழந்ததாகத் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் 2017-ம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. பாதுகாப்பு நடைமுறைகளைக் கண்காணிக்கத் தனி அமைப்பு 2014-ல்தான் ஏற்படுத்தப்பட்டது என்றும் அது குறிப்பிட்டது. 2016 டிசம்பரில் மும்பை உலர் துறையில் பேத்வா சாய்ந்ததில் இரு மாலுமிகள் இறந்தனர். 2024 ஜூலை 21-ம் தேதி, மும்பை கடற்படைத் தளத்தில் சீரமைப்பில் இருந்த பிரம்மபுத்திராவில் தீப்பற்றியது. மறுநாள் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். பேத்வாவும் பிரம்மபுத்திராவும் கோதாவரியின் வடிவமைப்பு வழிவந்தவை. இரண்டும் எதிரியால் தாக்கப்படவில்லை. சொந்தத் துறைமுகத்தில், பழுதுபார்ப்பின்போது சாய்ந்தன.

1988-ல் மாலத்தீவைக் காக்க விரைந்த இந்தியாவின் படையினர் சுமார் 80 பேரை, 2024 மே மாதத்துக்குள் திரும்பப் பெறும்படி அதே நாட்டின் அதிபர் முய்சு கேட்டார். இந்தியாவும் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2025 ஜூலையில் பிரதமர் மோடி மாலே சென்றபோது உறவு மீண்டும் சீரடைந்தது. அண்டை நாட்டின் மனநிலை தேர்தலுக்குத் தேர்தல் மாறக்கூடியது. கடலில் நம்பத்தக்கதாக எஞ்சுவது, அழைப்பு வந்தால் புறப்படத் தயாராக நிற்கும் கப்பல். அந்தத் தயார்நிலை உதிரி பாகத்தையும் பராமரிப்பையும் பொறுத்தது.

நாடாளுமன்றம் கேட்க வேண்டியவை

பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு மூன்று விவரங்களை அரசிடம் கேட்டுப் பெறலாம். முதலாவது, ஒவ்வொரு புதிய கப்பலுக்கும் உள்நாட்டுப் பங்கை உடல், இயக்கம், ஆயுதம் என்று பிரித்துத் தருவது. அதிலும் சொந்த வடிவமைப்பு எவ்வளவு, பொருத்தும் வேலை எவ்வளவு என்று காட்டுவது. இரண்டாவது, வெளிநாட்டுக் கருவி ஒவ்வொன்றுக்கும் கப்பலின் ஆயுள் முழுவதும் உதிரி கிடைக்க என்ன ஏற்பாடு என்பது. மூன்றாவது, துறைமுக விபத்துகள் பற்றிய விசாரணை முடிவுகள். இவற்றில் ராணுவ ரகசியம் என்று மறைக்கத்தக்க பகுதி மிகக் குறைவு. அப் பகுதியையும் குழுவின் மூடிய அமர்வில் வைக்க முடியும்.

கப்பலுக்கான பணத்தில் கடலோர மக்களின் வரி மட்டும் சேருவதில்லை. கடலுக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் அப்பால், பெங்களூரின் ஓசூர் சாலையில் உள்ள பொம்மனஹள்ளியின் ஆடை ஆலைத் தொழிலாளி செலுத்தும் மறைமுக வரியும் சேர்கிறது. பெங்களூரு தெற்கு மக்களவைத் தொகுதிக்குள் அடங்கும் அப் பகுதியின் வாக்காளருக்கும், நாகப்பட்டினத்து மீனவருக்கும் இக் கணக்கைக் கேட்கும் உரிமை சமமானது.

இப்போது கடற்படையில் சேரும் நீலகிரி வகைக் கப்பல்கள் 2050-களிலும் பணியில் இருக்கும். கோதாவரியின் காலத்தில் ஒரு பேரரசு கலைந்ததும், ஒரு வல்லரசு தடை விதித்ததும் போல எதிர்பாராதவை அவற்றின் காலத்திலும் நேரும். உதயகிரியின் 75 சதவீதத்தில் அடங்காத 25 சதவீதம் எந்த நாடுகளிடம், எந்த நிபந்தனையில் இருக்கிறது என்ற விவரத்தை அரசு இப்போதே நிலைக்குழுவின் முன் வைப்பதே முறையாகும்.